கொல்லங்கோட்டில் பார்க்க என்ன இருக்கிறது

மார்ச் கணக்கை முடித்துக் கொடுத்த
மறு வெள்ளிக்கிழமை
மேலாளர் சொன்னார்:
எங்கேயாவது போயிட்டு வாங்க ஜோதிமலர்,
கண்ணெல்லாம் வீங்கிக் கெடக்கு.

எங்கேயாவது என்று பலகை போட்ட வண்டி
உக்கடத்தில் இல்லை.
பொள்ளாச்சியில் இறங்கி
கொல்லங்கோடு என்றிருந்ததில் ஏறினேன்.
ஜன்னல் இருக்கை காலியாக இருந்தது.
ஓர் ஊரைத் தேர்ந்தெடுக்க
அது போதும்.

கோவிந்தாபுரம் செக்போஸ்ட்டில்
ஓட்டுநர் இறங்கி
டீயை ஒரு மாநிலத்தில் குடித்து
வெற்றிலையை இன்னொன்றில் வாங்கினார்.
அலைபேசி மட்டும்
சிக்னல் தேடிப் பதறியது.
பிறகு பனைமரங்கள்.
வரப்புக்கு வரப்பு
வரிசையில் நிற்கச் சொல்லி
யாரும் கேட்காதவை.

லாட்ஜில் ஷண்முகதாஸ்
பெரிய நோட்டில் என் பெயரை எழுதினார்.
வந்த காரியம் என்ற கட்டத்தில்
பேனா நின்றது.
கல்யாணமா?
இல்லை.
வைத்தியமா?
இல்லை.
மாங்காய் கச்சவடமா?
சும்மாதான் வந்தேன், என்றேன்.
சும்மா என்றே மலையாளத்தில் எழுதினார்.
எழுதிப் பார்த்தபோது
அதுவும் ஓர் உத்தியோகம் போல இருந்தது.

அருவி இருக்கிறதாமே?
உண்டு, இப்போ வெள்ளம் இல்லா, என்றார்.
வெள்ளம் இல்லாதது நல்லதுதானே என்று நினைத்து
மாடிப்படி பாதி ஏறிய பிறகு
புரிந்துகொண்டேன்.
கீழிருந்து குரல் வந்தது:
கர்க்கடகத்தில் வரும்.
துபாயிலிருக்கும் மச்சினனைப் பற்றிச்
சொல்வதுபோல.

சனிக்கிழமை மூன்று தடவை தூங்கினேன்.
பதிமுகம் போட்ட சிவப்புத் தண்ணீர்
ஒரு செம்பு குடித்தேன்.
வெயில் தாழ்ந்து
காய்கறித் தோட்டம் வழியே நடக்கையில்
மோட்டார் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது.
குனிந்து தகட்டைப் பார்த்தேன்.
எங்கள் கம்பெனி.
ஐந்து குதிரைத்திறன், பச்சை வண்ணம்.
பதினோரு வருஷமாக
இதற்கு நான் போடாத பில் இல்லை:
வரி, தள்ளுபடி,
பழுதென்று திரும்பி வந்தது,
வாராக் கடன்.
தண்ணீர் இறைத்துப் பார்த்ததில்லை.
குழாயின் வாயிலிருந்து
ஒரு முழம் எட்டிப் பாய்ந்து விழுந்து
கொப்பளித்து
என் கணுக்காலைத் தாண்டிப் போனது.
சில்லென்றிருந்தது.
இவ்வளவு சில்லென்று இருக்கும் என்று
எந்த லெட்ஜரிலும் இல்லை.

மடை மாற்ற வந்த பெண்
மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு
என்னையும் என் நனைந்த சுரிதாரையும் பார்த்தாள்.
நல்லா ஓடுதா, என்று கேட்டேன்.
சத்தம் கூடுதலாணு, என்றாள்.
மன்னிக்கணும், என்று சொல்லிவிட்டேன்.
எதற்கென்று அவள் கேட்கவில்லை.
கத்திரிச் செடிகளுக்கு நடுவே
இருட்டும்வரை உட்கார்ந்திருந்தேன்,
சத்தம் கூடுதல்தான்.

ஞாயிறு காலை பேருந்து நிறுத்தத்தில்
சென்ட் மணக்க ஷண்முகதாஸ்,
புதுச் செருப்போடு மனைவி பிந்து,
இருவரையும் முந்திக்கொண்டு மகள் அனகா.
எங்கே?
கோயம்புத்தூர். ரெண்டு நாள். ஒரு ரெஸ்ட்டுக்கு.
அப்போது லாட்ஜில் யார்?
நீங்கதான் காலி பண்ணியாச்சே, என்று சிரித்தார்.

அனகா என் பக்கத்தில் இடம் பிடித்தாள்.
அவிடெ என்தா காணான் உள்ளது?
நகரும் படிக்கட்டு இருக்கு.
அது போன லீவில் கண்டாச்சு. வேறே?

வேறே.
முதலமடை மாந்தோப்புகள் முழுதும் கடந்து போகிறவரை
யோசித்தேன்.
பீளமேட்டில் எங்கள் வாசலுக்கு எதிரே
ஒரு ஃபவுண்டரி இருக்கு.
ராத்திரி பத்துக்குச் சங்கு ஊதும்.
அது ஊதுவதற்கு ஒரு நிமிஷம் முன்னால்
தெரு நாய் ஒன்று எழுந்து
கேட்டருகே போய் உட்காரும்.
ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள்
டிபன் டப்பாவில் மிச்சம் வைத்திருப்பார்கள்.

அனகாவின் வாய் திறந்தே இருந்தது.
தினமுமா?
தினமும். ஞாயிறு தவிர.
ஞாயிறு அது எந்து செய்யும்?

செக்போஸ்ட்டில் வண்டி நின்றது.
ஓட்டுநர் வெற்றிலை வாங்க இறங்கினார்.

அதின்ட பேரெந்தா?

நாலு வருஷமாக
என்னைக் கண்டால் வாலாட்டுகிறது.
தெரியவில்லை, என்றேன்.
இன்றைக்கு ஞாயிறுதானே,
போய்ப் பார்த்துச் சொல்கிறேன்.